நான்கு பேர், மூன்று அலறல்

1

"ஐயோ! வேண்டாம்! விட்டுடு!"

பதறாதீர்கள். அடுத்த அறையில் என் தங்கை கண்ணாடி முன் நின்று அலறுகிறாள். அலறும்போது வாய் எப்படிக் கோணுகிறது என்று பார்த்து வரைவதற்காக. இந்தக் கதை பிறந்ததே அந்த அலறலில்தான்.

(முதலில் 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு' என்று ஆரம்பித்தேன். வெளியே வெயில் பல்லிளித்தது. விட்டுவிட்டேன்.)

அழைப்பு மணி. மாடிவீட்டு அக்கா, கையில் கரண்டியோடு.

"யாரையாவது கொல்றீங்களா?"

"ஆமாக்கா, கம்ப்யூட்டர்ல."

"காலையிலயும் ஒருத்தர் செத்தாங்களே?"

"அது டிரைவர். இப்ப முதலாளியோட பொண்டாட்டி. சாகலைக்கா, பயப்படறாங்க, அவ்வளவுதான்."

2

விளக்கிவிடுகிறேன். வாரத்தொடர்களுக்கு நடுவே ஒரு படக்கதை விளையாட்டு எழுதுகிறேன். திரையில் ஓவியம் தெரியும், கீழே வசனம் ஓடும், அடுத்து எந்தக் கதவைத் திறப்பது என்று படிப்பவரே முடிவுசெய்வார். ரத்தம், துரோகம், படுக்கையறை ரகசியம் எல்லாம் உண்டு, பெரியவர்களுக்கு மட்டும். பூட்டிய பங்களாவில் முதலாளி பிணமாகக் கிடக்கிறார். மிச்சம் நான்கு பேர்: மனைவி, டிரைவர், சமையல்காரர், குடும்ப டாக்டர். அவர்களில் ஒருவர் கொலையாளி.

ஆளுக்கு ஓர் உடம்புதான். சிரிப்பு, கோபம், பயம் என்று முகத்தை மட்டும் மாற்றி ஒட்டுவோம். நான் எந்த முகம் கேட்கிறேனோ அதைத் தங்கை வரைவாள்.

கொலையாளி யாரென்று அவளிடம் சொல்லவில்லை. (உங்களிடமும்தான்.) நான் பக்கம் பக்கமாகப் புளுகலாம், ஓவியத்தின் ஓரக்கண் ஒரே நொடியில் போட்டு உடைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. [இதை அடித்துவிட நினைத்தேன், இருக்கட்டும்.] என் தொடர்களின் கொலையாளியை இரண்டாவது வாரமே கண்டுபிடித்து, சாப்பாட்டு மேஜையில் அறிவிப்பது அவள் வழக்கம். இந்த ஒருமுறையாவது அவள் வாயடைத்துப் போகவேண்டும். விளையாட்டு நிறுவனமும் கறாராகச் சொல்லிவிட்டது: யாராவது முன்கூட்டியே ஊகித்தால் முழுக்கதையும் திரும்பி வரும்.

"அண்ணா, சின்னதா ஒரு க்ளூ?"

"போய் வரை."

"சரியான கஞ்சன்."

3

முடிவு இரண்டு எழுதிவைத்திருக்கிறேன்.

அ) கடைசிக் காட்சிவரை தங்கைக்குத் தெரியவில்லை. "நீ பெரிய ஆளுண்ணா" என்கிறாள். [எனக்கே நம்பிக்கையில்லை.]

ஆ) அவள் ஊகிக்கிறாள், தப்பாக. நான் அடக்கமாகச் சிரிக்கிறேன். [இது பிடித்திருக்கிறது. அடக்கம் மட்டும் கொஞ்சம்...]

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. சமையல்காரருக்காகக் கடைசி அலறலையும் முடித்துவிட்டு, தொண்டையைச் செருமியபடி தங்கை வந்து நிற்கிறாள்.

"பொண்டாட்டி, டிரைவர், சமையல்காரர், மூணு பேருக்கும் அலறியாச்சு. டாக்டருக்கு மட்டும் பயந்த முகமே நீ கேட்கலையேண்ணா... சும்மாவாவது ஒண்ணு வரைஞ்சு வச்சுடறேன், இல்லேன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்."