புல்வெட்டியும் புதினா வாசமும்

சியாமக் மூன்று வாரமாகப் பெட்ரோல் புல்வெட்டி வாங்கிக்கொண்டிருந்தார். அதாவது வாங்கவில்லை. எடை எவ்வளவு, எஞ்சின் எத்தனை சிசி, நைலான் கயிறா இரும்பு பிளேடா என்று கடைக்காரர் கியூமர்ஸைக் குடைந்துகொண்டிருந்தார். வீட்டு ஆரஞ்சுத் தோட்டத்திலோ புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. இன்று கூடவே கடைக்கு வந்த மனைவி மஹ்ரோக்குக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்?" என்றாள்.

"தாராளமா! கடைக்குப் பின்னாடி எங்க வீட்டுத் தோட்டம்தான். உங்களோடதுன்னு நினைச்சுக்குங்க கானும்," என்றார் கியூமர்ஸ்.

ஈரானின் மாசந்தரானில், பெண்களை மரியாதையாகக் 'கானும்' என்பதுபோல, எல்லோரும் பேச்சுக்குச் சொல்கிற உபசாரம் அது. மஹ்ரோக் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

நடுத்தரமான ஒன்றைத் தோளில் மாட்டினாள். ஒரே இழுப்பில் கிளம்பியது. பாரமும் இல்லை, கை உதறவும் இல்லை. புல் பறந்தது. மாதுளை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஆட்டமே போட்டாள். "போதும், நிறுத்து!" என்று சியாமக் கத்தியது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்டது?

"இதையே எடுத்துக்கலாங்க!" என்று எஞ்சினை அணைத்தபோதுதான் புதினா வாசம் தூக்கியடித்தது. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாத்தி முழுக்கக் காலி. சாயங்கால விருந்துக் குழம்புக்கென்று அதைக் காத்துவைத்திருந்த கடைக்காரரின் மனைவி எஸ்மத், வாசலில் நின்றிருந்தாள்.

"ஐயையோ, எஸ்மத் கானும்..."

எஸ்மத் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். பொடிப்பொடியாக இருந்தது. மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருஷமா உக்காந்து உக்காந்து கீரை நறுக்கறேன். இப்படி ஒண்ணைக் கடையில வச்சுக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாய்யா?"