இரண்டு போர்டுகளும் ஒரு நோட்டீசும்

ஒரு முழுத்தாள், ஒரு ரப்பர் முத்திரை, இரண்டு போர்டுகளின் கையெழுத்து. இந்த மூன்றும் இருந்தால் சென்னை மாகாணத்தில் ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் தப்ப முடியாது. 1932-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் புங்கஞ்சேரிப் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தா திருவேங்கடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த தலைவர் ஜம்புலிங்கமும் சிரிக்கவில்லை. அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

திருவேங்கடத்துக்கு இருபத்து மூன்று வயது. அந்த வேலை அவனுக்குத் தகுதியால் கிடைத்தது. தகுதியைக் கண்டுபிடித்தவர் ஜம்புலிங்கம்; அவனுக்குத் தாய்மாமன்.

பேச்சு சேரிப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. நெமிலிச்சேரி ஏரிக்கு இந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரை பஞ்சாயத்து போர்டைச் சேர்ந்தது. வாத்தியார் தாலுகா போர்டைச் சேர்ந்தவர். கூரை ஒழுகினால் தாலுகா போர்டு வருத்தம் தெரிவிக்கும். வாத்தியாருக்குச் சம்பளம் வராவிட்டால் பஞ்சாயத்து போர்டு வருத்தம் தெரிவிக்கும். இந்த ஒத்துழைப்பு ஆறு வருஷமாகத் தடையில்லாமல் நடந்து வந்தது.

இப்போது தாலுகா போர்டு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. தினசரி இருபது பிள்ளைகள் இருக்க வேண்டும். குறைந்தால் அங்கீகாரம் ரத்து. பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டியதுதான்.

இருபது பிள்ளைகளைச் சேர்க்க வாத்தியார் கோவிந்தனுக்கு ஒரே வழிதான் தெரியும். அவரும் அந்தச் சேரியில் பிறந்தவர்தான். காலையில் வீடு வீடாகப் போவார். வாசலில் குந்துவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா களைபறிக்கப் போயிருந்தால் பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவார், தலையை வாரிவிடுவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொள்வார். பள்ளிக்கூடம் தொடங்கப் பத்தரை மணி ஆகிவிடும்.

திருவேங்கடத்துக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னா வாத்தியாரே, சர்க்கார் சம்பளம் வாங்கிகினு ஊடு ஊடா கீரை விக்கிறியா?" என்றான். "கூவிக்கூவிக் கூப்ட்டா எவன் மதிப்பான்? நாளைக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கச் சொல்வானுங்க."

"மதிப்பு எதுக்கு ஐயா? வந்தா போதும். போய் நின்னா வருதுங்க."

"நீ போய் நிக்காதே. நாற்காலியில உக்காரு. நான் வரவைக்கிறேன்."

வரவைப்பதற்கான நோட்டீசை அவனே எழுதினான். "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். பிள்ளையை அனுப்பாத தகப்பன்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்பது நாலாவது பத்தி. ஆசிரியர் வீடு வீடாகச் செல்வது இரு போர்டுகளின் கண்ணியத்துக்கும் பொருந்தாததால் இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது என்பது ஐந்தாவது. தாலுகா போர்டு கல்விக் கமிட்டியின் கையெழுத்து மூன்றே நாளில் வந்துவிட்டது. அவர்களுக்கும் பத்தரை மணி பிடிக்கவில்லை. இருபத்து நாலு பிரதிகளையும் திருவேங்கடமே தன் கையால் எழுதினான், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர் போட்டு. எழுதி எழுதி எல்லாப் பெயரும் மனப்பாடமாகிவிட்டது.

கோவிந்தன் ஒரு பிரதியை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஐயா, இத்தை தலையாரி கையில குடுத்து அனுப்பாதீங்க. நானே கொண்டும்போய் படிச்சிக் காட்டி, இன்னா ஏதுன்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

"அஞ்சாவது பத்தியப் படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் ஐயா."

"அப்புறம் இன்னா?"

கோவிந்தன் பிரதியை மேசைமேல் திருப்பி வைத்தார்.

அந்தச் சேரிக்குள் முத்திரை குத்திய காகிதம் அதுவரை இரண்டே தடவைதான் வந்திருந்தது. முதல் தடவை ஜப்தியில் ஒரு மாடு போயிற்று. இரண்டாம் தடவை ஒரு மனிதன் போனான். இப்போது இருபத்து நாலு காகிதங்கள் ஒரே நாளில், தலையாரி மதுரைவீரன் கையால், பிள்ளைகளின் பெயர் போட்டு வந்தன. படிக்கத் தெரிந்தவர் கோவிந்தன் ஒருவர்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதுரைவீரனுக்கும் படிக்கத் தெரியாது. கேட்டவர்களிடம், "ரெண்டு போர்டு கச்சேரி கையெழுத்து கீதாம்பா, பெரிய விசயம்" என்று மட்டும் சொன்னான்.

மாட்டை ஓட்டிப்போய் மறைக்கிறவர்கள் பிள்ளையை மறைக்கமாட்டார்களா? இரண்டு நாளில் சேரியில் பிள்ளைகள் அநேகமாகக் காலி. அத்தை வீடு, மாமன் வீடு என்று சில பிள்ளைகள் போயின. பெரும்பாலானவை பூந்தமல்லிப் பக்கம் செங்கல் சூளைகளுக்குப் போயின.

புரட்டாசிக் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். சரியாக ஒன்பது மணிக்கு மணி அடித்தது. நாற்காலியில் கோவிந்தன் இருந்தார். தரையில் மூன்று பிள்ளைகள் இருந்தன. அதில் ஒன்று கோவிந்தனின் மகன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு மாதத் தவணை கொடுத்தார். கார்த்திகைக் கடைசியில் மறுதணிக்கை. அப்போதும் இருபது இல்லையென்றால் ரத்து.

கோவிந்தன் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தார். திருவேங்கடம் வாங்கிக்கொண்டான்.

"எங்க போறே?"

"சூளைக்குத்தான் ஐயா. பசங்களக் கூட்டியாறணும்."

"அஞ்சாவது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. கோவிந்தன் சூளை சூளையாக நடந்தார். ஒரு நாள் இரண்டு பிள்ளைகளோடு வருவார், இன்னொரு நாள் ஒன்றோடு. வெறுங்கையோடு வந்த நாட்களும் உண்டு. சிறிசுகளைத் தோளில் வைத்து, தலையில் சாக்கு போட்டு, வாய்க்காலில் இறங்கி வருவதைத் திருவேங்கடம் போர்டு ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தான். எண்ணவும் செய்தான். பதினொன்று வரை வந்தது. பிறகு இருமல் வந்தது, ஜுரம் வந்தது. கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் கோவிந்தன் செத்துப்போனார்.

தாலுகா போர்டு வருத்தம் தெரிவித்தது. வருகைப் பதிவு திருப்தியாக இருந்தால் வேறு ஆசிரியர் அனுப்பப்படுவார் என்றும் எழுதியிருந்தது. ஆசிரியர் இல்லாமல் வருகை எப்படி இருக்கும் என்பது குறித்து அதில் எதுவும் இல்லை. திருவேங்கடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். குறை சொல்ல முடியாத கடிதம். அவனே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

"உட்டுத் தள்ளு நைனா" என்றார் ஜம்புலிங்கம். "வாத்தியும் போய்ட்டான், பள்ளிக்கூடமும் போவட்டும். மூடிட்டோம்னு ரெண்டு வரி எழுதிப் போடு. அந்தக் கூரையப் பிரிச்சு நம்ம மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுக்கலாம்."

திருவேங்கடம் தாளை எடுத்தான். "மேற்படி ஆசிரியர் கோவிந்தன் காலமானபடியால்" என்று எழுதினான். அதற்குப் பிறகு என்ன வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பேனா போகவில்லை.

"இன்னாடா?" என்றார் மாமன்.

"மசி காஞ்சிபோச்சு மாமா."

மறுநாள் காலை வருகை ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினான். அவன் வீட்டு ஆட்கள் யாரும் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. அவனும் வைத்ததில்லை. தெருமுனையில் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. ரிஜிஸ்தர் கண்ணில் பட்டதும் படல்கள் சாத்திக்கொண்டன. ஒரு கிழவர் மட்டும் எழுந்து நின்று கும்பிட்டார்.

திருவேங்கடம் திரும்பினான். பள்ளிக்கூடத்துக்குப் போய், ரிஜிஸ்தரை நாற்காலிமேல் வைத்துவிட்டு, மறுபடியும் தெருவுக்குள் வந்தான்.

முதல் வீடு எல்லம்மாவுடையது. அவள் மகள் குப்பம்மா கோவிந்தன் சூளையிலிருந்து கூட்டிவந்த பதினோரு பேரில் ஒருத்தி. படலுக்கு வெளியே அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தால் ஜப்தி செய்ய வந்தவன்போல இருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது. வேட்டியை மடித்துக்கொண்டு ஈரத் தரையில் குந்தினான்.

"குப்பம்மா" என்றான்.

படல் ஒரு சாண் திறந்தது. எல்லம்மாதான்.

"காயிதம் இன்னாத்துக்கு வந்து கீது, சாமி?"

"காயிதம் இல்ல." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"பொழுது ஆவுது. பொண்ண அனுப்பும்மா. நான் கூட்டிகினு போறேன்."

எல்லம்மா அவனையே பார்த்தாள். "வாத்தியாரு இருந்தாருன்னா தலை வாரி உட்டுடுவாரு" என்றாள். உள்ளே போனாள். பிறகு குப்பம்மா வந்தாள், பாதி பின்னிய சடையோடு. அவனுக்கு மூன்று முழம் தள்ளி நின்றாள்.

மீதிச் சடையைப் பின்ன அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து நடந்தான், அவள் தள்ளியே பின்னால் வந்தாள். அடுத்த வீட்டு வாசலில் குந்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. சூளைக்குப் போய் இன்னும் திரும்பாத பிள்ளையோ என்னவோ. இன்னொரு தடவை கூப்பிட்டான்.