அடைக்கலத்தின் ஏழு கட்டங்கள்

பேரூராட்சியின் பழைய பெயர்ப் பட்டியலைப் புதிய கணினிக்கு மாற்றிய பங்குனி மாதத்தில், பூமயிலின் கணவர் அடைக்கலம் ஏழு வெற்றுக் கட்டங்களாகிவிட்டார். பட்டியலில் எப்படியோ தெருவிலும் அப்படியே என்பது அந்த ஊர் நடைமுறை. தையல்கடைக்காரர் பெயரில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டது; அவர் அதைத் தோளில் சுமந்தபடியே காஜா எடுத்தார். கேள்விக்குறி விழுந்த வீடுகளில் அது வாசலில் தொங்கியது, குனிந்து போனார்கள். அடைக்கலத்துக்குத்தான் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை; ‘டை’யின் கொம்புக்குக்கூடத் தனிக் கட்டம் விழுந்திருந்தது. பூமயில் தினமும் அவரைத் துடைத்து, நாற்காலியில் வரிசை கலையாமல் அடுக்கி, மூன்றாவது கட்டத்தில் சோறு ஊட்டினாள். மற்றபடி நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது.

பேரூராட்சியில் கணினி வேலை அவளுடையதுதான். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமென்றால், வேண்டாத குறி ஒன்றுகூட இல்லாத பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும் என்று செயல் அலுவலர் நாகூர்மீரான் சொல்லிவிட்டார். பட்டியலை நகலெடுத்து, எக்செல்லில் அதற்கு ஒரு மேக்ரோ எழுதினாள். எழுத்தல்லாத எல்லாவற்றையும் அது எடுத்துவிடும். அடைக்கலத்தை மட்டும் தொடாது. அதற்கென்றே ஒரு வரி சேர்த்திருந்தாள். பட்டியல் மாவட்டத்துக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தது. ஒரு பெயரில் இன்னும் கட்டங்கள் இருக்கின்றனவாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னாள். அடைக்கலம் வழக்கம்போல் மூன்றாவது கட்டத்திலிருந்து பேசினார்.

"ரெண்டு மைல் நடந்து தண்ணி தூக்குறாங்க பூமயிலு. எடுத்துரு."

"எடுத்துட்டா நீங்க?"

"நான் எங்க போயிரப் போறேன்."

அலுவலகம் திரும்பி, அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, இந்த முறை நகலில் அல்லாமல் மூலப் பட்டியலிலேயே மேக்ரோவை ஓடவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்களும் கேள்விக்குறிகளும் புடைத்த உளுந்துத் தோல் போலத் தெருவிலிருந்து கிளம்பி மேலே போயின. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். திரையில் அடைக்கலத்தின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பூமயிலுக்கு அழுகை வந்தது. பழக்கதோஷத்தில் அந்த இடத்தின் நீளத்தைக் கேட்டாள். ஏழு என்றது கணினி. கண்ணுக்குத் தெரியாத ஏழு இடைவெளிகள் அங்கே அசையாமல் இருந்தன. இடைவெளிகளை மாவட்டத்தில் யாரும் குறியாக எண்ணுவதில்லை, பட்டியல் ஏற்கப்பட்டது.

ஆடியில் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு நின்றது. வரிசையின் நடுவில் ஏழு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வரிசை நகர்ந்தபோது அந்த இடமும் நகர்ந்தது.

"அக்கா, அண்ணன் குடம் எடுக்காமலே வந்து நிக்காரு" என்றார் தையல்கடைக்காரர்.

பூமயில் தன் குடத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு, இன்னும் ஆறு எடுத்துவர வீட்டுக்கு நடந்தாள்.