ஆறு முடிக்கப்படவில்லை

ஆம்பூர்ப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து பாலாற்றைக் கட்டினால் அதில் என்னென்ன இருக்கும்? மேலே பாலம் இருக்கும். பாலத்தின் மேல் ஷூ கம்பெனி பஸ் போகும். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மணல், சீமைக்கருவேலம், மேயும் ஆடுகள், நட்டு வைத்த ஸ்டம்புகள், அக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீரை மட்டும் வைக்கவில்லை. அதைவிடக் கூத்து, வைக்கவில்லை என்பதே அந்த மூன்று பேருக்கும் உறைக்கவில்லை.

கட்டியது நிஜ மண்ணில் இல்லை. கணினிக்குள் கட்டை கட்டையாக அடுக்கி ஓர் உலகத்தையே எழுப்பலாம். பிறகு ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் அதற்குள் நுழைந்து நடக்கலாம், பேசலாம். காட்பாடியில் ஒரு கல்லூரி இதைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு, 'எங்கள் ஊர் ஆறு'. தேர்வாகும் குழுவுக்கு மே மாதம் முழுக்க அங்கேயே தங்கி, இப்படி உலகங்கள் கட்டும் படிப்பு இலவசம்.

மூவரில் ஒருத்தியான பன்னிரண்டாம் வகுப்பு ஜோதிக்கு அந்த ஒரு மாதம் உயிர் மாதிரி. அவள் அம்மா சௌந்தரம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவள். நல்லவள்தான், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"செலக்ட் ஆனா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆவலன்னா பரீட்ச முடிஞ்ச மறுநாளே என்கூட கம்பெனி பஸ்ல ஏறு. சூப்பர்வைசர் கிட்ட சொல்லி வச்சிட்டேன்" என்றாள்.

ஜோதி சரி என்று தலையாட்டினாள். கம்பெனி வேலையை அவள் கேவலமாக நினைக்கவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் வளர்ந்தாள். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறினால் இறங்க மாட்டோம் என்று பயந்தாள்.

முதல் சுற்று முடிந்து நடுவரின் குறிப்பு வந்தது. 'மிகச் சிறப்பான வேலை. ஆனால் ஆறு முடிக்கப்படவில்லை. நீரை நிரப்பி மீண்டும் அனுப்பவும்.'

பள்ளிக் கணினி அறையில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, தண்ணிய மறந்துட்டோம்பா" என்றான் ஆல்வின்.

"மறந்தா போனோம்? நம்ம ஆத்துல எங்கடா கீது தண்ணி?" என்றாள் ஜோதி.

"முன்ன ஒரு மழைக்கு வெள்ளம் வந்துச்சில்ல?"

"வந்துச்சி. போய்ட்ச்சி."

"அதெல்லாம் அவங்களுக்கு இன்னாத்துக்கு? ஒரு பட்டன அழுத்துனா ரொம்பிடும். உனக்கு காட்பாடி போவணுமா, வேணாவா?"

ஜோதி மவுஸை அவன் பக்கம் நகர்த்தினாள். மூன்றாவது ஆளான வஜீதாவும் ஆல்வின் பக்கம் சாய்ந்தாள். பட்டனை அழுத்தினார்கள். கரைக்குக் கரை நீலத் தண்ணீர் பளபளவென்று நின்றது. ஆடு போச்சு, ஸ்டம்பு போச்சு. ஆல்வின் கை தட்டினான். வஜீதா மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மா எங்க?" என்றாள்.

ஒற்றையடிப் பாதையில் புர்கா போட்டு, சாப்பாட்டுப் பையோடு நடக்கும் ஒரு பொம்மையை அவள்தான் வைத்திருந்தாள். அவள் அம்மா முனவ்வர் பேகம் தினமும் அந்த மணலில் நடந்துதான் அக்கரை கம்பெனிக்குப் போகிறாள்.

"அது பொம்மைபா."

"பொம்மையா இருந்தா இன்னா? முழுகிட்டாங்கல்ல? எட்து வுடு தண்ணிய."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆல்வின் தண்ணீரை எடுத்துவிட்டான். மணல் திரும்பி வந்தது. அப்போதுதான் ஜோதிக்குப் பொறி தட்டியது. ஆடி மாதம் அவள் தெரு கங்கையம்மனுக்குக் கரகம் ஜோடிக்க எங்கே போகிறார்கள்? இதே காய்ந்த ஆற்றுக்குத்தான். கையால் மணலைப் பறித்து, ஊற்று தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, மொண்டு வருகிறார்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று அன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

"ரொப்ப வேணாம். தோண்டுனா வரட்டும்" என்றாள்.

சொல்வது சுலபம். அந்த மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் ரொப்புவதும் காலி செய்வதும்தான். மெதுவாக ஊற வைக்க, தனியாக நிரல் எழுத வேண்டும். ஜோதி இணையத்தில் ஆங்கில வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புரியாத இடத்தில் மறுபடி ஓட்டி, மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு தடவை குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டுப் பாலத்தையே மூடியது. இன்னொரு தடவை ஆடுகள் வானத்தில் பறந்தன. அவள் விடவில்லை. கடைசியில் ஊறியது.

"இவ்ளோ மெதுவா வந்தா ஜட்ஜ் கெளம்பிடுவாங்க" என்றான் ஆல்வின்.

"தோண்டுன ஒடனே வந்தா அது குழாய்டா."

"நெறத்தயாவது நல்லா வைக்கலாமில்ல? இது டீ மாதிரி கீது."

ஆல்வினின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர். அவன் கேட்டதில் இருந்த கூச்சம் ஜோதிக்குப் புரிந்தது. ஆனாலும் மாற்றவில்லை. "இது நம்ம ஆறுடா" என்று மட்டும் சொன்னாள். அவனும் அதற்கு மேல் வாதாடவில்லை.

இறுதிச் சுற்றில் நடுவர் சென்னையிலிருந்தபடியே பச்சைச் சட்டை பொம்மையாக உள்ளே வந்தார். பாலத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், மணலில் இறங்கி நின்றார். கணினி ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"தண்ணி நிரப்பச் சொல்லியிருந்தேனே. ஆறு எங்கம்மா?"

"நீங்க அது மேலதான் நிக்கிறீங்க மேடம்" என்றாள் ஜோதி. "காலுக்குக் கீழ தோண்டிப் பாருங்க."

பச்சைச் சட்டை தோண்டியது. குழி விழுந்தது, தண்ணீர் வரவில்லை. "ஒண்ணும் வரலையே" என்றார் நடுவர். அடுத்த குழு காத்திருப்பதாக யாரோ சொல்வதும் கேட்டது. ஆல்வின் கண்ணாலேயே ஜோதியைக் கெஞ்சினான். ஒரு விசையைத் தட்டினால் குழி நிரம்பிவிடும். ஜோதி கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். ஊறணும்."

மணல் முதலில் கறுத்தது. பிறகு ஓரத்தில் கசிந்தது. பிறகு குழியின் அடியில் ஒரு கை அளவு தண்ணீர் ஆடாமல் நின்றது. நடுவர் நகரவில்லை. வெகு நேரம் அந்தக் குழியையே பார்த்தபடி நின்றார்.

"இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஜோதிக்குத் தெரியும். காட்பாடியும் கம்பெனி பஸ்ஸும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன.

"முடியாது மேடம். தோல் கழுவுன தண்ணி எறங்கிக் கீது."

"குடிக்கிற தண்ணி வேணும்னா?"

"ஆத்துல ரொம்ப மேல போவணும். வாணியம்பாடியத் தாண்டணும். நாங்க இன்னும் அவ்ளோ தூரம் கட்டல."

போயே போச்சு என்று நினைத்தாள் ஜோதி. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

"மே மாசம் மூணு பேரும் காட்பாடிக்கு வாங்க" என்றார் நடுவர். "வந்து, அந்தக் குடிக்கிற தண்ணி வரைக்கும் கட்டுங்க."