மூச்சு வாங்காத பாதை

மலையடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பலகை நட்டிருப்பார்கள். அதில் ஷூ படம் போட்டிருக்கும். ஒரு ஷூ என்றால் பாதை சுலபம். இரண்டு என்றால் கொஞ்சம் சிரமம். மூன்று என்றால் வீட்டில் எல்லோரிடமும் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நானும் என் சம்பந்தியும் முதன்முதலாக ஏறின பாதைக்கு ஒரே ஒரு ஷூதான். அதை நம்பி நானும் துணிப்பையும் கையுமாகப் போய் நின்றேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், பாதை என்ற ஒன்றே இல்லை. வெறும் பாறை. பாறைமேல் பழுத்து உதிர்ந்த இலை. இலைமேல் ராத்திரி பெய்த மழை.

"இதுக்கா ஒரு ஷூ? அந்த ஒத்த ஷூவைக் கழட்டி இத எழுதினவனையே அடிக்கணும்" என்றேன்.

"மூச்ச வீணாக்காதீங்க சம்பந்தி. கையக் குடுங்க."

கொடுப்பதற்குள் என் கால் வழுக்கிவிட்டது. "ஏய், கிளையப் புடிடி!" என்று கத்தினாள் பாருங்கள், நான் விழவில்லை, எங்கள் மரியாதை மட்டும் பள்ளத்தில் போய் விழுந்தது. அதுவரைக்கும் 'உக்காருங்க சம்பந்தி, இன்னும் கொஞ்சம் காபி சம்பந்தி' என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் நாங்கள். என் மகனுக்கு அவள் மகளைக் கட்டிவைத்ததோடு சரி, அதற்கு மேல் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அன்றைக்கு அப்புறம் பிள்ளைகள் முன்னால் 'நீங்க, வாங்க', மலையில் 'வாடி, போடி' என்று ஆகிவிட்டது.

அவள் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். உட்கார்ந்தே ஓட்டின உடம்பு, இனி நடக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக நடக்க அலுப்பு, என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் வாரம் பூராவும் உட்கார்ந்த வேலைதான். டிரைகிளீனிங் கடையில் முன்பக்கம் கவுண்டர், நடுவில் புஸ்புஸ்ஸென்று ஆவி விடுகிற இஸ்திரி மேஜை, பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் நானும் என் தையல் மெஷினும். பேன்ட் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்பது. அதனால் வெயில் தணிந்து இலை பழுக்க ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஹாரன் கேட்கும். குளிர் முற்றிப் பாதைகளை மூடுகிற வரைக்கும் எங்கள் ராஜ்ஜியம்தான்.

மலையில் மூச்சு வாங்க நின்றால் அவள் "ஸ்டாப்பிங்" என்பாள். கிளம்பும்போது "வண்டி எடுத்தாச்சு" என்பாள். என்னை வீட்டில் இறக்கிவிடும்போது "கடைசி ஸ்டாப்பிங், எல்லாரும் எறங்குங்க" என்பாள். நான் ஒருத்திதான் இருப்பேன்.

பேத்தி பிறந்து பேச ஆரம்பித்ததும் அவளுக்கு 'பஸ் பாட்டி' என்றும் எனக்கு 'மெஷின் பாட்டி' என்றும் பெயர் வைத்தது. போன வருஷம் அதற்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு தைத்துக் கொடுத்தேன். வளருகிற பிள்ளைக்குத் தைக்கும்போது கை நுனியில் நாலு விரல் துணியை உள்பக்கமாக மடித்துவைத்துத் தைப்பது என் வழக்கம். கை நீள நீளக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம். "வருஷா வருஷம் உன் கைக்கே வரட்டும்னு பண்றியா?" என்று சம்பந்தி கேட்டாள். "ஆமா, சர்வீஸுக்கு வராம எங்க போகும்?" என்றேன்.

இந்த வருஷம் வெயில் காலத்தில் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள்.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் யாராவது நடுவில் போய் விலக்கியாவது விட்டிருக்கலாம். என் மகன் வாயையே திறக்கவில்லை. கோபமா, சலிப்பா, ஆபீஸில் ஏதாவதா, ஒன்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான். அந்தப் பெண் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இவன் ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தான். அந்தப் பெட்டி இன்னும் பாத்ரூம் போகிற வழியில் பிரிக்காமல் கிடக்கிறது. தாண்டித் தாண்டித்தான் போகிறேன். வக்கீல் வைத்தாயிற்று, தேதியும் கொடுத்தாயிற்று என்று சொன்னார்கள்.

மகனைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தின்றது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கே உறவு இல்லை என்று ஆனபின் இவள் எனக்கு யார்? எந்த முறையில் என் வாசலுக்கு வருவாள்? இலை பழுத்ததும் ஹாரன் அடிப்பாளா, மாட்டாளா?

அடித்தாள். பாதி முடிதான் வாரியிருந்தேன், அப்படியே ஓடினேன்.

காரில் ஏறியதும் எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டினாள். சிக்னலைத் திட்டினாள். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குப் போன பாதைக்கும் ஒரு ஷூதான் போட்டிருந்தது, ஆனால் கழுத்தொடியும் ஏற்றம். அடுத்த வாரம் அதைவிட மோசம், ஓடைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது, முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினோம். அதற்கடுத்த வாரம் ஏணி வைத்திருந்தார்கள். மலைக்கு ஏணி! இரண்டு பாட்டிகள் அதில் ஏறுவதைப் பார்த்து மேலே நின்ற வாலிபப் பையன்கள் கைதட்டினார்கள். "டிக்கெட் வாங்கிட்டுக் கைதட்டுங்கடா" என்றாள் சம்பந்தி.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்புவேன். நம்ம ரெண்டு பேரும் இனிமே என்னடி ஆகப்போறோம்? இவ்வளவுதான் கேள்வி. ஏற்றத்தில் மூச்சு மேலும் கீழும் வாங்கும், வாய் வராது. இறக்கத்தில் கால் எங்கே வைப்பது என்பதிலேயே புத்தி போய்விடும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, சரி, அடுத்த வாரம் என்று நினைப்பேன். உண்மையைச் சொன்னால் அது நிம்மதியாகவும் இருந்தது. கேட்காத வரைக்கும் ஹாரன் கேட்கும் இல்லையா.

பாதைகளை மூடுவதற்கு முந்தின ஞாயிறு. மலையின் முதுகு மேலேயே போகிற பாதை. நடுவில் ஒரு பாறை, அதில் இரும்புச் சங்கிலி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

கீழேயிருந்து அவள் தோளைக் கொடுத்து முட்டினாள். "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!"

"சிரிக்க வைக்காதடி, கை விட்டுடும்."

"விட்டா என் தலையிலதான் விழுவ. ஏறு!"

ஏறிவிட்டேன். உச்சியில் காற்று அப்படிக் குளிர்ந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்திருந்தோம், பிளாஸ்க்கில் டீ. கீழே காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக, பாதி மரங்கள் ஏற்கனவே மொட்டையாக. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"உன் பையன் மூக்கு அப்படியே உன் மூக்கு. உன்னைப் பார்த்தா அவன் ஞாபகம் வருது, பத்திக்கிட்டு வருது."

"என் மூக்க நான் என்ன பண்ண முடியும்?"

"துண்டப் போட்டு மூடிக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் இதுதான் சமயம் என்று, "ஏண்டி..." என்று ஆரம்பித்தேன். அவள் முட்டை ஓட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சட்டென்று எழுந்துவிட்டாள். "வண்டி எடுத்தாச்சு."

இறக்கத்தில் என் முழங்கால் பிசகியது. விழக்கூட இல்லை, ஒரு வேரில் கால் வைத்தேன், மளுக்கென்று ஒரு சத்தம். அவள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். வந்த வழியே சங்கிலியில் இறங்க முடியாது. கொஞ்சம் கீழே நீர்த்தேக்கத்தைச் சுற்றி மண்ரோடு ஒன்று போகிறது, மரம் ஏற்றுகிற வண்டிகள் போவதற்கு. சுற்றுவழி, ஆனால் தட்டையாக இருக்கும் என்றாள்.

அது பாதையே இல்லை, மேஜை. ஒரு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் அசையாத தண்ணீர், ஒரு பக்கம் மரம், காலடியில் காய்ந்த இலை. இத்தனை வருஷம் மலையில் ஒருத்தி முன்னே ஒருத்தி பின்னே என்றுதான் போயிருக்கிறோம், முதுகைத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். மூச்சு வாங்கவில்லை. பேசாமல் இருக்க ஒரு சாக்கும் இல்லை.

அவள்தான் வாயைத் திறந்தாள். "மெதுவாவே வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். "இங்க யாருடி இருக்கா? யாரப் பார்த்து வாங்கங்கற?"

அவள் காய்ந்த இலையைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

"மகளுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. ஆஸ்பத்திரி லேப்லதான், கூடுதல் பொறுப்பு. வடக்க, ராத்திரி பூரா ரயில்ல போகணும். நல்ல குளிர் ஊரு. ஷிப்ட் வேலை, குழந்தைய யாரு பார்ப்பா? நானும் போறேன்."

"எப்போ?"

"வர்ற சனிக்கிழமை."

"எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் ஞாயித்துக்கிழமை ஹாரன் அடிச்சேன் இல்ல, அதுக்கு முன்னாடியே தெரியும்."

நான் நின்றுவிட்டேன். முழங்கால் வலிதான் என்று அவள் நினைத்துக் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

"அப்போ அந்த ஏணி, ஓடை, இன்னிக்குச் சங்கிலி..."

"எல்லாம் தேடித் தேடித்தான் புடிச்சேன். இளவட்டப் பசங்ககிட்ட விசாரிச்சேன், பலகையில சுலபம்னு போட்டிருக்கணும், ஏறினா நாக்குத் தள்ளணும், அப்படி எதுன்னு. பேச்சு வராத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போனா நீ கேக்க மாட்ட. நானும் சொல்ல வேண்டாம்."

"நல்லா இருக்குடி. அங்க என் பையன் வாய மூடிக்கிட்டு இருந்தான்னுதானே உன் பொண்ணு வெளியில வந்தா? நீ என்ன பண்ணின?"

அது அவளைச் சுட்டுவிட்டது, முகம் சொல்லியது. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"உன் மேல எனக்குக் கோபமே கெடையாது" என்றாள் கடைசியில். "ஆனா அவ முன்னாடி உன் பேரைச் சொல்ல முடியல. ஞாயித்துக்கிழமை எங்க போறேன்னு கேக்குறா, தனியாப் போறேன்னு சொல்லிட்டு வரேன். பெத்த பொண்ணுகிட்டப் பொய் சொல்லிட்டு வரேன்டி. இனி அவ வீட்ல இருந்துக்கிட்டு... முடியாது."

"போன்ல?"

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? நம் வீடுகளில் இல்லை என்று சொல்ல அந்த வார்த்தையைத்தானே வைத்திருக்கிறோம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தண்ணீரில் இலைகள் அப்படியே நின்றன, ஒதுங்கக்கூட இல்லை. எத்தனையோ செங்குத்தில் ஏறியிருக்கிறேன். அந்தத் தட்டை ரோடு மாதிரி எதுவும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. கார் தெரிந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. நானும் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பிங் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பையை எடுத்து என் மடியில் வைத்தாள். கத்தரிப்பூக் கோட்டு.

"கை குட்டையாயிடுச்சு. எறக்கிக் குடு. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கறேன்."

வீட்டுக்கு இல்லை, கடைக்கு. கவனித்தேன்.

"எவ்வளவு எறக்க?"

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முழுசும்."

மறுநாள் கடையில் வேலை முடிகிற வரைக்கும் அதைத் தொடவில்லை. வீட்டுக்கே எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். மகன் தண்ணீர் குடிக்க வந்தவன் நின்றுவிட்டான். கோட்டின் கையைத் தூக்கித் தன் உள்ளங்கைமேல் வைத்துப் பார்த்தான்.

"இதுவும் பத்தலையா குழந்தைக்கு?"

இந்த வீட்டுக்கு வந்து அவனாக என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். "பத்தலையாம்" என்றேன். இன்னும் ஏதாவது கேட்பான் என்று ஊசியைக் கையில் பிடித்தபடி இருந்தேன். கோட்டை வைத்துவிட்டுப் பெட்டியைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

பாதிதான் இறக்க வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். இரண்டு விரல் இறக்கி, இரண்டு விரலை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால் அடுத்த வருஷம் இதே காலத்தில் மறுபடி குட்டையாகும். அந்த மடிப்பு எப்படிப் பிரியும் என்று எனக்குத்தான் தெரியும். சம்பந்தி வேறு யாரிடம் கொண்டுபோவாள்? சாக்பீஸால் கோடுகூடப் போட்டுவிட்டேன்.

அப்புறம் பேத்தியின் அந்தச் சின்ன மணிக்கட்டு ஞாபகம் வந்தது. ரயிலை விட்டு இறங்கினதும் பஸ் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வடக்கே. நல்ல குளிர் ஊரு.

சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டு நூலைப் பிரித்தேன். முழுசும் இறக்கினேன். உள்ளே இருந்த துணி மட்டும் வெயிலே படாமல், நான் வாங்கின அன்றைக்கு இருந்த கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மடிப்பு விழுந்த தடத்தை ஈரத்துணி போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.