வெர்லின் மாமாவின் எச்சில் கோப்பை

"மாமா, இந்தக் குழாய்ல ஒரு தடவை துப்புங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று காரில் வரும்போதே அம்மா சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. குடும்ப ஒன்றுகூடல் விருந்துக்கு, குடும்பப் பெயர் அச்சடித்த மஞ்சள் பனியன்களில் சொந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. வெர்லின் மாமா, அம்மாவின் பெரியண்ணன், கோழித்தொடையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் பட்டம் வாங்கியபோது, எச்சிலை அனுப்பி வம்சாவளி பார்க்கும் மரபணுப் பெட்டியைப் பரிசளித்தவரே அவர்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சவ நீ. நம்ம பூட்டி செரோக்கின்னு நிரூபிச்சுக் காட்டு" என்றார். அமெரிக்காவில், கென்டக்கியின் இந்த மலைப்பக்கம் வீட்டுக்கு வீடு செரோக்கிப் பழங்குடியில் பிறந்த ஒரு பூட்டி உண்டு. பார்த்தவர்தான் யாரும் இல்லை. துப்பி அனுப்பினேன். ஒரு சொட்டு செரோக்கி இல்லை. விட மனமில்லாமல் இன்னொரு மரபணு இணையதளத்திலும் என் முடிவை ஏற்றினேன். போலீஸ் பார்க்கலாமா என்று கேட்டது. பார்க்கட்டுமே என்று அழுத்தினேன்.

பார்த்தார்கள். மார்வா கிடன்ஸ், மோட்டலில் அறை பெருக்கியவள், 1991இல் அங்கேயே கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவள். அவள் நகக்கண்ணில் இருந்த ரத்தம் என் தாய்மாமன் ஒருவருடையது என்று டிடெக்டிவ் அம்மாள் போனில் சொன்னாள். எனக்குத் தாய்மாமன்கள் இரண்டே பேர். டெல்பர்ட் மாமா செத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, சாம்பலையும் ஆற்றில் கரைத்தாயிற்று. வெர்லின் மாமா ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிறார்.

"அது டெல்பர்ட்தான்டி," என்றாள் ஜோலீன் அத்தை, வெர்லின் மாமாவின் மனைவி. "குடிகாரப் பய. பழி செத்தவன் மேலயே இருந்துட்டுப் போகட்டும். அவனுக்கு இனிமே வலிக்கவா போகுது?"

டெல்பர்ட் மாமா குடிப்பார். குடித்தால் அழுவார், பிறகு தூங்கிவிடுவார்.

"அப்ப மாமா துப்பட்டும். அவர் இல்லன்னு ஆகட்டும். அப்புறம் டெல்பர்ட் மாமாவைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன்."

"காலேஜ் போய் எச்சில் பொறுக்கத்தான் கத்துக்கிட்டியா?" என்றான் அத்தை மகன் கார்வின். கொட்டகையே சிரித்தது.

"நான் யாருன்னு கடவுளுக்குத் தெரியும்," என்றார் மாமா. "எந்தக் குழாயிலயும் துப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு, வாயில் அடக்கியிருந்த புகையிலையைப் பக்கத்திலிருந்த சிவப்புக் கோப்பையில் துப்பினார்.

அம்மா என் கையைக் கிள்ளிக் கொட்டகை ஓரத்துக்கு இழுத்தாள்.

"உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்த மனுஷன்டி."

"மார்வாவுக்கும் கைக்குழந்தை இருந்துது. அதை யாரும்மா தூக்கினா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த வாரம் அவர் கழுத்தெல்லாம் கீறல். முள்வேலின்னாரு. நான்தான் மருந்து போட்டேன். போதுமா? இப்ப விடு."

முப்பது வருடத்துக்கு மேலாக இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, டெல்பர்ட் மாமா மேல் மற்றவர்கள் பழி போடும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன அங்க குசுகுசு?" அத்தை கத்தினாள். "ஒரு தட்டுப் பதார்த்தம் கொண்டுவரத் துப்பில்ல. குப்பையாவது அள்ளு!"

அது எங்கள் வழக்கம். சமைத்துக் கொண்டுவராதவர்கள் குப்பை எடுக்க வேண்டும். கோப்பையில் அவரவர் பெயர் எழுதுவதும் வழக்கம்தான். ஒருமுறை ஒரு குழந்தை மாமாவின் கோப்பையைத் தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டதிலிருந்து.

பையை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். எலும்பு, காகிதத் தட்டு, கோப்பைகள். மாமா தன் கோப்பையைத் தானே என் பக்கம் தள்ளினார். குப்பைக்காரியின் முகத்தை யார் பார்ப்பார்கள்? 'வெர்லின்' என்று கறுப்பு மையில், அவர் கையெழுத்திலேயே இருந்தது.

அதை மட்டும் பையில் போடவில்லை.

பையைத் தொட்டியில் வீசிவிட்டுக் காரை நோக்கி நடந்தேன். கோப்பை சிந்தாமல் நடக்க வேண்டியிருந்தது.

"எங்கடி போற?" அம்மாவின் குரல். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் திரும்பவில்லை. அவள் வேறு யார் காரிலாவது வரட்டும்.