கண் திறக்காத ஓரம்

எத்தியோப்பியாவின் தோசையான இஞ்சேராவைச் சுடும் மின்சாரக் கல்லில் சூடு எப்படிப் பரவுகிறது என்று லெம்லெம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திரையில் கல் முழுக்கச் சிவந்திருக்க, ஒரு ஓரம் மட்டும் பிறை மாதிரி நீலமாகக் கிடந்தது.

மெக்கெலே நகர ஆய்வுக்கூடத்தில் அந்தக் கல்லை வடிவமைத்ததே பேராசிரியர் கிதாய்தான். அவருக்குச் சுருக்கென்றது.

“என் கல்லுல சூடு ஏறலையா? உன் கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இஞ்சேரா தின்னுச்சாம்?”

“சுட்டே பாத்துடலாம் சார்.”

முதல் இஞ்சேராவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கல் பழகத்தான் அது. அடுத்ததற்குப் புளித்த மாவை அவளே வட்டமாக ஊற்றி மூடினாள். மூடியைத் திறந்தபோது, சூடு ஏறிய இடமெல்லாம் சின்னத் துளைகள் கண் கண்ணாகப் பூத்திருந்தன. அந்த ஓரத்தில் மட்டும், அதே பிறை வடிவில், ஒரு கண்கூட இல்லாமல் வழவழவென்று வெளுத்துக் கிடந்தது.

கிதாய் திரையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். லெம்லெம் நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

அவர் நன்றாகப் பூத்த நடுவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, மதியக் குழம்பில் தோய்த்துச் சுருட்டி, ஆய்வுக்கூடமே பார்க்க, மதிப்புக்குரியவருக்குக் கையால் ஊட்டும் அந்த ஊர் வழக்கப்படி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

“கம்ப்யூட்டருக்கு வாயில்ல. அதோட பங்கையும் நீயே வாங்கிக்கோ.”